நடுவை வெட்டியவன்

விம்கோ நகரில் குடியிருப்பவனுக்கு இரைச்சலைப் பற்றிப் புகார் சொல்ல உரிமையே கிடையாது என்று என் நண்பர் ஒருவர் சொல்வார். அது நியாயந்தான். ஊரின் பெயரே ஒரு தொழிற்சாலையின் பெயர். 1923-ல் ஸ்வீடன் தேசத்து முதலோடு தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மாட்ச் கம்பெனி என்ற தீப்பெட்டிக் கம்பெனியைச் சுருக்கி விம்கோ என்றார்கள். அது அப்படியே ஊருக்கும் ஒட்டிக்கொண்டது. இதே திருவொற்றியூர் வட்டாரத்தில்தான் 1955-க்குப் பிறகு புல்லட் மோட்டார் சைக்கிளின் 'தட தட' சத்தம் பிறந்தது. எண்ணூர் போகும் சாலையில் கண்டெய்னர் லாரிகள் இரவு பகல் பார்ப்பதில்லை. 2021 பிப்ரவரியிலிருந்து மெட்ரோ ரயிலும் தலைக்கு மேலே போகிறது.

இத்தனைக்கும் பழகிப்போன என் காதை ஒரு பையன் வந்து சோதித்தான். எதிர்வீட்டு மாடியில் இருக்கிறான். வயது இருபதுக்குள். எலெக்ட்ரிக் கிதார் வாசிக்கிறான். அதுவும் சாதாரணமாக அல்ல. ஆம்ப்ளிஃபயரில் கெயின் என்று ஒரு திருகு இருக்கிறதே, அதை முக்கால் வட்டத்துக்கு மேல் திருப்பிவிட்டு வாசிக்கிறான். மாவு மெஷினில் யாரோ இரும்பைப் போட்டு அரைப்பதுபோல் முதலில் எனக்குத் தோன்றிற்று. சண்டை போடத்தான் மாடி ஏறினேன். கடைசியில் அவன் எதிரிலேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாடம் கேட்டுவிட்டு இறங்கினேன்.

நான் சங்கீதம் அறிந்தவனல்ல, கதை எழுதுகிறவன். ஆனால் அந்தப் பையனின் கிதாரை முன்னிட்டு ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. பிறர் காதுக்காக ஒருவன் தன் குரலைத் திருத்திக்கொள்ளலாமா? திருத்திய பிறகு அது அவன் குரல்தானா?

கேள்வியைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் கருவியைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கிதார்க் கம்பியின் அசைவு மின்சார அலையாக மாறி ஆம்ப்ளிஃபயருக்குள் போகிறது. கெயினை ஏற்ற ஏற்ற அலை பெரிதாகிறது. ஓர் அளவுக்கு மேல் கருவியால் அதைத் தாங்க முடிவதில்லை. கூரையில் தலை இடித்தவன் மாதிரி அலையின் உச்சி தட்டையாகிவிடுகிறது. அப்படித் தட்டையாகும்போது கம்பியில் இல்லாத பல மேல் ஸ்வரங்கள் புதிதாகப் பிறக்கின்றன. இதற்குத்தான் டிஸ்டார்ஷன் என்று பெயர். சிதைவு என்று நாம் சொல்லலாம். இஞ்சினீயர்கள் இதை ஒரு குற்றமாகவே கருதி வந்தார்கள். 1958-ல் லிங்க் ரே என்ற அமெரிக்கர் தமது ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பைப் பென்சிலால் குத்திக் கிழித்து, அந்தக் குற்றத்தை வேண்டுமென்றே செய்தார். 1964-ல் இங்கிலாந்தில் கிங்க்ஸ் கோஷ்டியின் டேவ் டேவிஸ் சவர பிளேடால் அதையே செய்தார். அதற்குப் பிறகு கிழிக்காமலேயே கிழிசல் ஓசை தரும் ஆம்ப்ளிஃபயர்கள் வந்துவிட்டன.

'சிதைவை வேண்டி விரும்பிச் செய்வதா!' என்று முகம் சுளிக்கிறவர்கள் தம்பூராவை நினைத்துப் பார்க்க வேண்டும். குதிரையின்மேல் தந்திக்கு அடியில் ஒரு நூலைச் செருகி, தந்தி மெல்ல உரசி உறுமும்படி செய்கிறோம். அந்த உறுமலுக்கு ஜீவன் என்றே பெயர் வைத்திருக்கிறோம். சுத்தமான ஓசை என்று நாம் கும்பிடுவதிலும் ஒரு சின்னச் சிதைவு ஒளிந்திருக்கிறது.

இனி ஈக்வலைசருக்கு வருவோம். பையன் காலடியில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதில் வரிசையாக ஏழு ஸ்லைடர்கள். 100, 200, 400, 800, 1600, 3200, 6400 ஹெர்ட்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். இடக்கோடியில் இடி, வலக்கோடியில் ஊசி. எந்தப் பகுதியை ஏற்றுவது, எதை இறக்குவது என்பது நம் கையில். இதுவும் நமக்குப் புதிதல்ல. மிருதங்கக்காரர் கச்சேரிக்கு முன்னால் இடப்பக்கத் தொப்பியில் ரவையைக் குழைத்து அப்புகிறார். பறை அடிக்கிறவர் தோலை நெருப்பில் காட்டுகிறார். முன்னவர் அடி ஓசையைக் கனக்கச் செய்கிறார். பின்னவர் தோலை இறுக்கி ஓசையைக் கூர்மையாக்குகிறார். பெட்டி இல்லை என்பதைத் தவிர வேறு என்ன வித்தியாசம்?

பையன் தன் ஏழு ஸ்லைடர்களை ஒரு பள்ளத்தாக்கு மாதிரி வைத்திருந்தான். இரண்டு ஓரமும் உச்சியில். நடுவில் இருக்கும் 800 பாதாளத்தில். "இதுக்கு ஸ்கூப்னு பேரு சார். நடுவைத் தோண்டி எடுத்துடணும். அப்பத்தான் மலை இடியிற மாதிரி இருக்கும்" என்றான். வாசித்துக் காட்டினான். எனக்கே ரோமம் சிலிர்த்தது. தனியாக அந்த மாடி அறையில், இரவில், சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டபோது அது உண்மையிலேயே பிரம்மாண்டமாக இருந்தது.

அவனுடைய தகப்பனார் அந்த அறைக்குள் வரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருஷம் பிரஸ் ஷாப்பில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தகடு வெட்டும் இயந்திரங்களின் நடுவே முப்பது வருஷம்! அவ்வளவு இரைச்சலில் இருந்தவர்களுக்குக் காது ஒரே சீராகக் கெடுவதில்லை. முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. பிறகு அது அகலமாகிறது. இடி கேட்கும், லாரி கேட்கும். ச, ஸ, த, க என்ற எழுத்துகளின் மெல்லிய உரசல் கேட்காது. பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது கேட்காது. மகன் காலடியில் வைத்திருந்த பெட்டியில் அவன் தன் இஷ்டப்படி ஒரு பள்ளம் தோண்டினான். அவன் தகப்பனாருக்கு, அவரைக் கேட்காமலேயே, வேறொரு பள்ளத்தைத் தொழிற்சாலை தோண்டிவிட்டது.

ராயபுரத்துப் பக்கம் ஒரு தெருமேடையில் பையனின் கோஷ்டிக்கு முதல் நிகழ்ச்சி. டிரம்ஸ், பேஸ் கிதார், கானா பாடும் ஒரு பையன், நம்ம பையன். இப்படி ஒரு சேர்க்கை இன்று விசித்திரமும் அல்ல. 2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறியபோது கானாவும் பறையும் எலெக்ட்ரிக் கிதாரும் ஒரே வரிசையில் நின்றன. அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது. நானும் தகப்பனாரும் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தோம். பாட்டு அமோகமாக ஆரம்பித்தது. மூன்றாவது பாட்டில் அவர் என் பக்கம் குனிந்தார்.

"இன்னா சார், அவன் வாசிக்கிறானா, சும்மா நிக்கிறானா?"

காது கெட்டவரின் கேள்வி என்று முதலில் நினைத்தேன். பிறகு நானும் காதைக் கூர்ந்து வைத்துக் கேட்டேன். எனக்கும் கேட்கவில்லை! பையன் தலையை ஆட்டி ஆட்டி வெறியோடு வாசித்துக்கொண்டிருந்தான். ஓசை மட்டும் இல்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் பையன் அழாத குறை. மைக் செட்காரர் தன்னை அமுக்கிவிட்டார் என்று அவரிடம் சண்டைக்குப் போனான். அவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "தம்பி, நீதான் நடுவை வெட்டிட்ட. அடியில டிரம்ஸும் பேஸும் இருக்கான். மேல தட்டு சத்தம் இருக்குது. உனக்குன்னு இருந்தது நடு ஒண்ணுதான். அதை நீ காலி பண்ணிட்ட. காலி எடம்னா ஆளு உக்காருவான். பாடுறவன் உக்காந்துட்டான். இதுல யார் மேல தப்பு?"

என் நாற்பது வருஷ வாழ்க்கையில் இவ்வளவு சுருக்கமான நீதி போதனையை நான் கேட்டதில்லை.

அவர் சொன்னதில் இருந்த பௌதிகத்தைப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கிதாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. பேஸ் கிதாரோ 41-லேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே அடித்தளத்தில் கிதாருக்குச் சொந்த நிலம் இல்லை. கிதார் ஒலிபெருக்கி 5000-க்கு மேல் சரசரவென்று இறங்கிவிடுகிறது. ஆகவே கூரையிலும் அதற்கு இடமில்லை. இடையில் இருப்பதுதான் அதன் வீடு. மனிதக் குரலின் வீடும் அதேதான்.

இன்னொரு விஷயமும் உண்டு. 1933-ல் பெல் டெலிபோன் ஆராய்ச்சிசாலையில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் மனிதக் காதை அளந்தார்கள். ஓசை மெதுவாக இருக்கும்போது காது அடி ஓசையையும் உச்ச ஓசையையும் குறைத்தே வாங்கிக்கொள்கிறது. ஓசை பலமாகும்போது அவை தாமாகவே நிமிர்ந்துவிடுகின்றன என்று கண்டார்கள். இரவில் அக்கம்பக்கத்துக்குப் பயந்து மெதுவாக வாசிக்கும் பையன், தன் காதில் விழாத இரண்டு ஓரங்களையும் ஏற்றி வைக்கிறான். மேடையில் அதே பெட்டியைப் பலமாகத் திறந்ததும் ஓரங்கள் பூதாகாரமாகி நடு மறைந்துபோகிறது. அறையில் அவன் கேட்டது பொய்யல்ல. அந்த அறைக்கு, அந்த இரவுக்கு, அவன் ஒருவனுக்கு மட்டுமே அது உண்மை.

தனிமையில் நமக்கு நாமே பிரம்மாண்டமாகத் தோன்றுவது எல்லோருக்கும் நேர்வதுதான். நான் எழுதிய நாவல்களிலும் இப்படிச் சில வாக்கியங்கள் இருந்தன. நள்ளிரவில் தனியே படித்தபோது கண்ணீர் வரவழைத்த வாக்கியங்கள். கதைக்குள் வைத்தபோது யார் கண்ணிலும் படாமல் போனவை. அவற்றை வெட்டியபோது எனக்கும் வலித்தது.

மறு வாரம் பையனை 800-ஐ மேலே ஏற்றி வாசிக்கச் சொன்னேன். வாசித்தான். முகம் அஷ்டகோணலாயிற்று. "மூக்கால பேசுற மாதிரி இருக்குது சார். இது என் சவுண்டே இல்ல" என்றான்.

அவன் சொன்னது முழுக்க உண்மை. கூட்டத்தில் கேட்கிற ஓசை தனியாகக் கேட்டால் அசிங்கமாக இருக்கிறது. தனியாக அழகாக இருப்பது கூட்டத்தில் காணாமற்போகிறது. இரண்டையும் ஒரே சமயத்தில் அடைய முடியாது. அப்படியானால் எதை விடுவது? 'ஊரோடு ஒத்து வாழ்' என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த உபதேசத்தை நான் அவ்வளவு சுலபமாக நம்புவதில்லை. அந்த உபதேசத்தைக் கேட்டுக் கேட்டே இந்த நாட்டில் எத்தனையோ பேர் தலைமுறை தலைமுறையாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். 'நீ கொஞ்சம் இறங்கு, சபை அழகாக இருக்கும்' என்று சொன்னவர்கள் எப்போதும் ஸ்லைடரைத் தங்கள் கையில் வைத்திருந்தவர்கள்தாம். கானாவே ரொம்ப நாள் சபைக்கு வெளியேதானே நின்றது? சாவு வீட்டு வாசலிலும் குப்பத்து முனையிலும்!

ஆகவே ஈக்வலைசர் என்ற பெயரையே கொஞ்சம் சோதிக்க வேண்டியிருக்கிறது. ஈக்வல் என்றால் சமம். ஏழு ஸ்லைடர்களையும் ஒரே மட்டத்தில் நிறுத்திவிட்டால் சமம் ஆகிவிடுமே, பிறகு ஏன் இந்தப் பெட்டி என்று கேட்கலாம். அங்கேதான் விஷயம். இந்தக் கருவி முதலில் சங்கீதத்துக்காகப் பிறக்கவில்லை, டெலிபோனுக்காகப் பிறந்தது. நீண்ட கம்பி வழியே பேச்சைச் செலுத்தினால், கம்பி எல்லாவற்றையும் ஒரே அளவாகக் குறைப்பதில்லை. மேல் ஸ்தாயியை அதிகமாகத் தின்றுவிடுகிறது. எவ்வளவு தின்றதோ அவ்வளவையும் மறுகோடியில் கூட்டிக் கொடுத்தால்தான் பேசியவன் பேச்சு பேசியபடி வந்து சேரும். கம்பி பாரபட்சமாக இருக்கும்போது, எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் நிறுத்துவது கம்பியின் பாரபட்சத்துக்குக் கையெழுத்துப் போடுவதாகும். இழந்ததைப் பார்த்துக் கூட்டிக் கொடுப்பதே சமன் செய்வது. வள்ளுவர் நடுவு நிலைமையைத் தராசாக நினைத்தார். தராசின் முள் நடுவில் நிற்க வேண்டுமானால் லேசான தட்டில்தான் எடை போட வேண்டும். இரண்டிலும் ஒரே எடையைப் போடுகிறவன் வியாபாரியும் அல்ல, நியாயஸ்தனும் அல்ல.

ஆனால் இந்தத் திருத்தத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. அதை மறைத்துவிட்டால் நான் பொய் சொன்னவனாவேன். அறவே போய்விட்டதை ஈக்வலைசர் திரும்பக் கொண்டுவராது. அந்த இடத்தை எவ்வளவு ஏற்றினாலும் இரைச்சல்தான் ஏறும். பெரியவரின் காதுக்காக 4000-ஐ ஏற்றிப் பார்த்தோம். "காது கூசுது, நிறுத்துடா" என்றார். கெட்ட காது மெல்லிய ஓசையை வாங்குவதில்லை. கொஞ்சம் பலமானால் தாங்குவதுமில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் பிரஸ் ஷாப்பில் காதுக்கு ஓர் அடைப்பான் கொடுத்திருந்தால் நின்றிருக்கக்கூடியதை, இன்று எந்த ஸ்லைடராலும் நிறுத்த முடியாது.

பையனின் வித்தையிலும் இதே நியாயம் இருக்கிறது. ஈக்வலைசரைச் சிதைவுக்கு முன்னாலும் வைக்கலாம், பின்னாலும் வைக்கலாம், இரண்டும் ஒன்றல்ல. அடி ஓசை மிதமிஞ்சிச் சிதைவுக்குள் போய்விட்டால் எல்லாம் சேர்ந்து சேறாகிவிடும். பிறகு வெளியே நின்று எவ்வளவு அடியைக் குறைத்தாலும் சேறு சேறுதான். கொஞ்சம் மெலிந்த சேறு, அவ்வளவே. உள்ளே போகும் முன்னால் அடியைக் குறைத்தால் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகத் தெறிக்கும். 1970-களின் கடைசியில் ஜப்பானிலிருந்து வந்த ட்யூப் ஸ்க்ரீமர் என்ற பச்சைப் பெட்டியின் ரகசியமே இதுதான்; சுமார் 700 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைத் தணித்துவிட்டுத்தான் அது சிதைக்க ஆரம்பிக்கிறது. கோபத்துக்கும் இது பொருந்தும். கோபத்துக்கு முன்னால் ஒரு வார்த்தையைக் குறைத்துக்கொள்வதும், பேசிவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்பதும் ஒரே அளவு திருத்தம் என்று நாம் கணக்குப் போடுகிறோம். வீட்டில் கேட்டுப் பார்த்தால் தெரியும்.

இப்போது பையனின் கேள்விக்கு வருகிறேன். 'இது என் சவுண்டே இல்ல' என்றானே! யோசித்துப் பார்த்ததில், திருத்துவதில் இரண்டு வகை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, நம்மிடம் இருப்பது கேட்க வேண்டும் என்பதற்காகத் திருத்துவது. மற்றது, கேட்கிறவனுக்குப் பிடிக்க வேண்டும் என்பதற்காகத் திருத்துவது. பார்வைக்கு இரண்டும் ஒரே ஸ்லைடரை ஒரே அளவு தள்ளுவதுதான். ஆனால் முதலாவதில் வாசிக்கும் ஸ்வரம் மாறுவதில்லை. அது போய்ச் சேரும் வழி மட்டும் மாறுகிறது. இரண்டாவதில் கொஞ்ச நாளில் ஸ்வரமே மாறிவிடும். தியாகராஜ சுவாமிகள் திருவொற்றியூருக்கு வந்து திரிபுரசுந்தரிமேல் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். வந்த ஊரின் தெய்வத்தைப் பாடினார். அதற்காகத் தம் சங்கீதத்தை விட்டுவிட்டுப் பாடவில்லை. எந்த வகைத் திருத்தம் என்று வெளியே நிற்கிறவனால் சொல்ல முடியாது. தள்ளுகிற விரலுக்குத்தான் தெரியும். அதனால்தான் இதை நீதி சம்பந்தப்பட்ட விஷயம் என்கிறேன். வெறும் சங்கீத விஷயமாக இருந்தால் மீட்டர் வைத்து அளந்துவிடலாம்.

நடுவை ஏற்றுவதிலும் பேராசை கூடாது என்று மைக் செட்காரர் எச்சரித்திருந்தார். 800 பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். 2000, 3000 பக்கம் பாடுகிறவனின் எழுத்துகள் இருக்கின்றன, அங்கே முண்டக்கூடாது. அவன் பாடும்போது கொஞ்சம் ஒதுங்கு. அவன் நிறுத்தியதும் முன்னே வா. பையன் இதை முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டான்.

இரண்டாவது நிகழ்ச்சி எங்கள் பக்கத்திலேயே நடந்தது. அதே நாற்காலி, அதே பெரியவர். இரண்டாவது பாட்டில் கிதார் எழுந்தது. அவர் கையிலிருந்த பீடியை மறந்துவிட்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் பையன் இறங்கி வந்து, "நைனா, கேட்டுச்சா?" என்றான்.

"கேட்டுச்சுடா. நல்லா கீதா, இல்லையான்னு எனக்குத் தெரியல. ஆனா நீ அங்க கீறன்னு தெரிஞ்சுது."

பையன் ஒன்றும் சொல்லாமல் ஒயரைச் சுருட்டப் போய்விட்டான்.

அன்றிரவு பதினொரு மணிக்கு எதிர்வீட்டு மாடியிலிருந்து மெல்ல ஓசை வந்தது. பழைய பள்ளத்தாக்கு, அதே இடியும் ஊசியும். தனக்காக வாசிக்கும்போது அவன் நடுவை வெட்டிக்கொள்கிறான் போலிருக்கிறது. இது இரட்டை வேஷமாகுமா என்று சற்று நேரம் யோசித்தேன். நானும் யாருக்கும் காட்டாத வாக்கியங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தவில்லை.